குழாயின் மேல் நாலு விரற்கடை

கனடா தினத்து நீண்ட வாரவிடுமுறை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ரொறன்ரோ முழுவதும் நகரத்தை விட்டு வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. றஜிதாவின் கார் மட்டும் தெற்கு நோக்கி நகரத்தின் நடுவுக்குள் போய்க்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தின் குளிர் அறையில் வெப்பம் ஏறுகிறது என்று அவளுடைய போன் கத்தி அரை மணித்தியாலம் ஆகியிருந்தது.

"உந்த அறைக்குச் சுகமில்லை எண்டால் முதல் உமக்கெல்லோ காய்ச்சல் வருது" என்றான் காரை ஓட்டிக்கொண்டிருந்த புருசன் யூட்சன்.

"நீங்கள் றோட்டைப் பாருங்கோ."

"நான் றோட்டைத்தான் பாக்கிறன். நீர்தான் என்ரை ஸ்பீட் மீற்றரைப் பாக்கிறீர்."

அது உண்மை. மற்றவர்கள் செய்கிற வேலையையும் பக்கத்தில் இருந்து மனதுக்குள் சேர்த்துச் செய்துகொண்டிருப்பது அவளுடைய பழக்கம். மன்னாரை விட்டு வெளிக்கிட்ட பன்னிரண்டு வயதில் அந்தப் பழக்கம் தொடங்கியது என்பாள் தாய் வேரோனிக்கா. அதற்கு முதலே இருந்தது என்பது றஜிதாவின் எண்ணம். ரெக்ஸ்டேலில் ஒரு மாடிக் குடியிருப்பின் ஏழாம் தட்டில் அவர்கள் வந்து இறங்கினார்கள். லிப்டுக்குள் ஏறும்போதெல்லாம் கயிறு அறுந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பாளாம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் படித்ததை வீட்டில் தமிழில் தாய்க்குச் சொல்லி, தாய் சொன்னதை ஆங்கிலத்தில் ரீச்சருக்குச் சொல்லி வளர்ந்தவள். இரண்டு பக்கத்திலும் பிழை வந்துவிடக்கூடாது என்ற பயத்திலேயே இரண்டு மொழியும் அவளுக்குத் திறமாக வந்தது.

மருந்தாளராக வருவாள் என்று தாய் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதற்குப் புள்ளிகள் போதவில்லை. மண்ணியல் படிக்கிற பெரிய கட்டடம் ஒன்றில், கோடை விடுமுறைக்குக் கண்ணாடிக் குவளை கழுவுகிற வேலை கிடைத்தது. அந்தக் கோடை இன்னும் முடியவில்லை. இப்போது அதே ஆய்வுகூடத்தின் பொறுப்பாளர் அவள்தான். பேராசிரியர் ஸ்டெபனியும் மாணவர்களும் ஆர்க்டிக் தீவுகளுக்குப் போய், உறைந்த ஏரிகளில் துளை போட்டு, ஏரியின் அடியில் இருக்கிற சேற்றைக் குழாய்களில் அடைத்துக் கொண்டுவருவார்கள். வந்து சேர்ந்த கணத்திலிருந்து அந்தக் குழாய்கள் றஜிதாவின் பொறுப்பு.

சொந்தக்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது பெரும்பாடு. ஒருமுறை யூனியன்வில்லில் ஒரு பூப்புனித நீராட்டு விழா. மண்டபத்தில் குணவதி அன்ரி கேட்டார்: "பிள்ளை, உமக்கு உண்மையிலை என்ன வேலை?"

"ஏரிக்கு அடியிலை இருக்கிற சேறு அன்ரி. அதை வைச்சுப் பழைய காலத்துச் சூடு குளிரைக் கண்டுபிடிக்கிறது."

"சேத்துக்கோ கம்பஸ் போனனீர்?"

வேரோனிக்கா இடையில் புகுந்து, "அவள் சயன்ரிஸ்ற்" என்று கதையை முடித்துவைத்தார். அது பொய். ஆனால் அந்தச் சேற்றைப் பற்றி றஜிதாவுக்கு இருந்த பயம் எந்த விஞ்ஞானியின் பயத்துக்கும் குறைந்தது இல்லை.

ஏனென்றால் அந்தச் சேறு சும்மா சேறு இல்லை. வடக்கில் கோடை வந்து பனி உருகும்போது, ஓடிவருகிற தண்ணீர் பருமனான மணலை ஏரிக்குள் கொண்டுவந்து கொட்டும். குளிர்காலத்தில் மேலே ஐஸ் மூடிவிடும். அதன் கீழ் மா மாதிரியான களி மெல்ல மெல்லப் படியும். ஒரு பருமன், ஒரு மென்மை. இரண்டும் சேர்ந்து ஒரு வருசம். கோடை சூடாக இருந்தால் அந்த வருசத்தின் பட்டை தடிப்பாக இருக்கும். இப்படி நூற்றுக்கணக்கான வருசங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரு குழாய்க்குள் அடங்கி நிற்கும். ஆனால் எந்தத் தடிப்புக்கு எத்தனை பாகை சூடு என்று சேறு சொல்லாது. வடக்கில் வானிலை நிலையங்கள் வந்து எழுபது, எண்பது வருசம்தான் ஆகிறது. அந்த வருசங்களின் பட்டைகளை நிலையத்தின் கணக்கோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் கீழே இருக்கிற அவ்வளவையும் வாசிக்க வேண்டும். அந்த எழுபது, எண்பது வருசமும் இருப்பது குழாயின் உச்சியில், ஒரு சாண் கூட வராத இடத்தில். அதுவும் கஞ்சி மாதிரி இளகிய சேறு. ஒரு தட்டுத் தட்டினால் கலங்கிவிடும்.

அன்று குளிர் அறையில் அப்படி ஒரு குழாய் நின்றது. மே மாதத்தில் எடுத்தது. மோசமான காலநிலை வருகிறது என்று விமானம் முந்தி வந்து நின்றதால், சேற்றுக்கு மேல் இருந்த ஏரித் தண்ணீரை வடிக்கவோ, நீளத்தை அளக்கவோ அங்கே எவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அப்படியே மூடிக் கொண்டுவந்துவிட்டார்கள். இடுப்பளவு உயரம், ஒரு கைத் தடிப்பு, உள்ளே ஒரு சாண் தண்ணீர். ஆய்வுகூடத்துக்கு வந்த அன்று றஜிதாதான் சேற்றின் உச்சி இருந்த இடத்தில் கறுப்பு மையால் கோடு போட்டு, திகதியும் தன் எழுத்தும் வைத்தாள். சேறு இறுகும்வரை நிமிர்ந்தே நிற்கட்டும், பிறகு ஊசியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை எடுப்போம் என்பது ஏற்பாடு.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது குளிர் அறையின் இயந்திரம் செத்துக் கிடந்தது. திருத்துகிற ஆள் செவ்வாய்க்கிழமைதான் வருவான். பழைய குழாய்களைப் பக்கத்துத் துறையின் குளிர்சாதனப் பெட்டிகளுக்குள் படுக்க வைத்தாயிற்று. நிமிர்ந்து நிற்கிற குழாய்க்கு இடம் எங்கும் இல்லை. சூட்டில் மூன்று நாள் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு அதன் வயதுக் கணக்கே பிழையாகிவிடும். ஸ்டெபனிக்குப் போன் எடுத்தாள். ஏதோ ஒரு ஏரிக்கரைக் கொட்டேஜில், போன் எட்டாத காட்டுக்குள், அவர் இருந்தார். மறுபடி எடுத்தாள். பதிவு செய்து வைத்த குரல்தான் பேசியது.

"யூட், அமிர்தநாதர் அங்கிளின்ரை கடையிலை ஆள் உள்ளுக்கை போகக்கூடிய குளிர் அறை இருக்கெல்லோ?"

யூட்சன் அவளைப் பார்த்தான். "மீன் கடையோ?"

அமிர்தநாதர் மன்னார்ப் பேசாலைக்காரர். ஸ்காபரோவின் வடக்கு விளிம்பில் மீன் கடை வைத்திருந்தார். வேரோனிக்காவுக்குத் தூரத்துச் சொந்தம். உறைநிலை அறை ஒன்று, அதற்கு முன்னால் ஐஸ் பெட்டிகளில் பச்சை மீன் வைக்கிற குளிர் அறை ஒன்று. அந்த இரண்டாவது அறையின் குளிர் ஆய்வுகூடத்தின் குளிர்தான்.

றஜிதா பின் ஆசனத்தில் ஜக்கெட் போட்டுக்கொண்டு, குழாயை முழங்காலுக்கு இடையில் நிறுத்தி, அதற்கும் சேர்த்து பெல்ற் போட்டாள். ஏசியை உச்சத்தில் வைத்து யூட்சன் ஊர்ந்தான். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தார்கள்.

"கலியாணக் கேக் கொண்டுபோறம் எண்டு நினைப்பாங்கள்" என்றான்.

"திரும்பிப் பாத்துக் கதைக்காதையுங்கோ."

அமிர்தநாதர் குழாயைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். "இன்ஸ்பெக்ரர் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது பிள்ளை?"

"சேறு எண்டு சொல்லுங்கோ அங்கிள்."

"மீன் கடைக்கை சேறு வைச்சிருக்கிறன் எண்டு சொன்னால், கடையைப் பூட்டித் திறப்பையும் கொண்டு போயிடுவான்." சிரித்துக்கொண்டே மூலையில் இருந்த பெட்டிகளை நகர்த்தி இடம் பண்ணினார். "சொல்லும், என்ன மாதிரி வைக்கோணும்?"

"படுக்க வைக்கக் கூடாது. சரிக்கக் கூடாது. உறைய விடக் கூடாது. ஆரும் தட்டுப்படக் கூடாது."

"ஆர்க்டிக்காலை வந்ததுக்கு உறையக் கூடாதோ?"

"உறைஞ்சால் உள்ளுக்கை வெடிச்சுப் போகும் அங்கிள்."

"சரி. என்னை நம்பிப் போம்."

அவள் போனாள். சனிக்கிழமை காலையில் திரும்பி வந்தாள். மத்தியானமும் வந்தாள், வந்ததற்குச் சாட்டாக விளைமீன் வாங்கினாள். "டேகெயாரிலை பிள்ளையை விட்ட மாதிரி வாறீர்" என்று அமிர்தநாதர் சொல்ல, மீன் வெட்டிக்கொண்டிருந்த பெடியங்களும் சிரித்தார்கள். வீட்டில் மகள் நடாஷா, "அம்மா, ரிலாக்ஸ். இட்ஸ் மட்" என்றாள். விளைமீன் குழம்பு உப்பாகிவிட்டது.

ஞாயிறு, பூசை முடிந்ததும் நேரே கடைக்குப் போனாள். குழாய் விட்ட இடத்தில்தான் நின்றது. நிமிர்ந்துதான் நின்றது. யாரோ சுத்தமான பொலித்தீன் பையால் அதைச் சுற்றிக்கூட வைத்திருந்தார்கள். பையை விலக்கிப் பார்த்தாள்.

தண்ணீர் இல்லை.

கறுப்புக் கோடு வெறுங்குழாயில் நின்றது. சேற்றின் உச்சி அதற்கு நாலு விரற்கடை கீழே, கரண்டியால் வழித்த தயிர் மாதிரி இருந்தது.

"அங்கிள், இதுக்கை நிண்ட தண்ணி எங்கை?"

"அதோ?" அமிர்தநாதர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு நிறைவு. "நேற்றுக் கடை பூட்டேக்கை எடுத்துவிட்டனான். எங்கடை சாமான்களுக்கு மேலை தண்ணி நிக்க விட்டால் விடியப் பழுதாப்போகும். ஒவ்வொரு நாளும் எல்லாப் பெட்டியிலையும் வடிச்சுப்போட்டுத்தான் பூட்டுறது."

"சரிச்சோ வடிச்சனீங்கள்?"

"சீ, நீர் சரிக்கக் கூடாது எண்டு சொன்னனீரெல்லோ. ஒரு றப்பர் குழாயை உள்ளுக்கை விட்டு, வள்ள எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் எடுக்கிற மாதிரி வாயாலை இழுத்தனான். அசையக்கூட விடேல்லை."

"தெளிஞ்ச தண்ணியோ வந்தது?"

"முதல் தெளிஞ்சது. பிறகு கொஞ்சம் கலங்கல். குழாய் அடியிலை முட்டினவுடனை நிப்பாட்டிப்போட்டன்." அப்போதுதான் அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். "பிழை விட்டிட்டனோ பிள்ளை?"

மீன் இரத்தமும் ஐஸ் தண்ணீரும் ஓடுகிற தரை ஓட்டை அவர்கள் நின்ற இடத்திலிருந்து இரண்டு எட்டில் இருந்தது. றஜிதா அதைப் பார்த்தாள். அவள் சொன்ன நாலு கட்டளையையும் மனுசன் ஒரு சொல் பிசகாமல் காப்பாற்றியிருந்தார். தண்ணீரைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லை.

"உங்களிலை பிழை இல்லை அங்கிள். நான்தான் சொல்ல மறந்தனான்."

காருக்குள் ஏறியும் பெல்ற் போடாமல் இருந்தாள். யூட்சன் இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டுக் கேட்டான். "எவ்வளவு போச்சு?"

"கடைசி முப்பது, நாப்பது வருசம் இருக்கும். சரியாத் தெரியாது."

"பின்னை மிச்சம் நூற்றுக்கணக்கிலை கிடக்குத்தானே."

"தலை இல்லாமல் மிச்சத்தை வைச்சு என்ன செய்யிறது?"

யூட்சன் கெட்டவன் இல்லை. மனைவி நித்திரை கொள்ள வேண்டும் என்று நினைக்கிறவன். "அந்தக் கோடு நீர்தானே போட்டது? வேறை ஆரும் அளக்கேல்லை எண்டனீர். அழிச்சுப்போட்டுக் கீழை ஒரு கோட்டைப் போடும். தண்ணியை நீரே எடுத்தனீர் எண்டு சொல்லும். முடிஞ்சுது."

அவள் பெல்ற்றை இழுத்துப் போட்டாள். அப்படிச் செய்தால் ஒருவருக்கும் தெரியவராது என்பது அவளுக்கு அவனை விட நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை யூட்சனின் தமையன் வீட்டுப் பின்வளவில் இறைச்சி சுட்டார்கள். றஜிதா ஒரு கதிரையில் இருந்து எழும்பி இன்னொன்றில் போய் இருந்தாள். கையில் இருந்த கடதாசித் தட்டை மடித்து மடித்துச் சிறிதாக்கினாள். மச்சாள் வந்து, "என்ன றஜி, சேறு சுகமோ?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, ஐஸ் வாங்கி வாறன் என்று சொல்லிவிட்டு மீன் கடைக்குப் போனாள்.

கைப்பையில் கறுப்பு மைப் பேனை இருந்தது. கை துடைக்கிற ஸ்பிரிற் கடதாசியும் இருந்தது. குளிர் அறைக் கதவை உள்ளே இருந்து சாத்தினாள். குழாய்க்கு முன்னால் குந்தி, கடதாசியால் கோட்டின் ஒரு முனையைத் தேய்த்தாள். மை லேசில் கரைந்தது. திகதியின் முதல் எழுத்தும் அதோடு போயிற்று.

இனிக் கீழே ஒரு கோடு போட வேண்டும். பேனையைத் திறந்து பிடித்தாள். அந்தக் கோட்டிலிருந்துதான் மாணவர்கள் எண்ணத் தொடங்குவார்கள். மேல் பட்டை போன வருசம், அடுத்தது அதற்கு முந்திய வருசம் என்று நம்பிக்கொண்டு கீழே போவார்கள். நாற்பது வருசத்துக்கு முந்திய குளிர்ந்த கோடையை எடுத்து, ஊரெல்லாம் காடு பற்றி எரிந்த போன கோடையின் சூட்டோடு பொருத்துவார்கள். அந்தப் பிழை கீழே கீழே போய், நூற்றுக்கணக்கான வருசத்தையும் பிசகாக்கும். படம் வரைந்து, புத்தகத்தில் போட்டு, எங்கோ இருக்கிற ஒருவர் அதைப் பார்த்து, வடக்கு அவ்வளவாகச் சூடாகவில்லை என்று சொல்வார். ஒருவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், அவளைத் தவிர.

கதவு திறந்தது. அமிர்தநாதர் நின்றார். சவரம் செய்யாத முகம்.

"நீர் வந்தது எண்டு பெடியன் சொன்னான்." அவர் பேனையைப் பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. "நான் இரவு முழுக்க யோசிச்சனான் பிள்ளை. உம்மடை அந்தப் பெரிய ரீச்சரிட்டை நான் வந்து சொல்லட்டோ? இந்தப் பிள்ளை சொன்னதெல்லாம் சரி, நான்தான் வாயை வைச்சு இழுத்தனான் எண்டு. இங்கிலிஸ் எனக்குக் காணும். ஒரு நல்ல அறுக்குளாவும் வெட்டிக் கொண்டு வாறன்."

"மீன் வேண்டாம் அங்கிள்."

"வெறுங்கையோடை போறதோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் அதே வழியால் வந்தது. பேனையை மூடிப் பைக்குள் போட்டாள். "நானே சொல்லுறன். நாளைக்கு விடிய வாறன், நீங்கள் இதை ஒருக்கால் பிடியுங்கோ, காருக்குக் கொண்டு போவம். இப்ப இன்னுமொரு இடத்திலை ஐஸ் வாங்கோணும், அங்கை இறைச்சி சுடுகினம்."

"ஐஸுக்கு ஏன் வேறை இடம்? நான் மீன் கடைக்காரன்" என்றார் அமிர்தநாதர்.

செவ்வாய்க்கிழமை ஸ்டெபனி கொட்டேஜில் இருந்து கைகால் நிறைய நுளம்புக் கடியோடு வந்தார். குளிர் அறை திரும்பவும் உறுமத் தொடங்கியிருந்தது. றஜிதா ஆங்கிலத்தில் சொன்னாள். இரவெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வசனங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. இயந்திரம், மீன் கடை, றப்பர் குழாய், கடைசியில் அரைவாசி அழிந்த கோடு. கோட்டை அழிக்கப் பார்த்தது தான்தான் என்பதையும் சொன்னாள். அதைச் சொன்ன பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஸ்டெபனி முதலில் கேட்டது, "வாயாலா இழுத்தார்? அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்பதுதான். பிறகு அவர் குந்தி, அரைவாசி அழிந்த கோட்டைப் பார்த்தார். நீ எனக்காகக் காத்திருந்திருக்கலாம் என்றார். காத்திருந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கும் என்றாள் றஜிதா. அதுவும் சரிதான் என்று ஒத்துக்கொண்ட அவர், ஆனால் இந்த ஏரியை நம்பி ஒரு மாணவி தன் பட்டத்தை வைத்திருக்கிறாள், அவளிடம் இதை நீதான் சொல்ல வேண்டும் என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொள்வது லேசு.

இருவரும் குழாயை நீளப்பாட்டுக்குப் பிளந்தார்கள். கத்தியால் வெட்டு முகத்தைச் சுரண்ட, பட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வெளிறியதும் கறுத்ததுமாக, இறுக்கமாக, கலங்காமல் கிடந்தன. வெட்டுப்பட்ட இடத்துக்குக் கீழே எல்லாம் சுகம். வானிலை நிலையத்தின் ஆரம்ப வருசங்களும் அதற்குள் தப்பியிருக்கும். அதை வைத்து அரைகுறையாகவாவது ஒப்பிடலாம் என்றார் ஸ்டெபனி. இல்லாமல் போனது கடைசி வருசங்கள். எல்லாரும் கேட்கிற வருசங்கள்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே அவர் சொன்னார். அடுத்த மே மாதம் பக்கத்துத் தீவுக்கு ஒரு குழு போகிறது; கேட்டால் அவர்களுடைய விமானம் இந்த ஏரியிலும் ஒரு நாள் இறங்கும்; ஒரு இடம் இருக்கிறது. "நீ போ. இந்தமுறை எடுத்த இடத்திலிருந்து நீயே கையில் வைத்திருந்து கொண்டு வா."

அது தண்டனையா, மரியாதையா என்று றஜிதாவுக்கு விளங்கவில்லை. இத்தனை வருசத்தில் அவள் எந்த ஏரிக்கும் போனதில்லை. அங்கே விமானம் சக்கரத்தில் இல்லை, சறுக்குக் கட்டையில் இறங்கும். அதுவும் ஐஸின் மேலே. போன வருசம் ஐஸ் முந்தி இளகி, இறங்க முடியாமல் திரும்பி வந்தார்கள் என்றும் ஸ்டெபனியே சொன்னார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். போகிறேன் என்று வந்துவிட்டது.

அன்று பின்னேரம் கோ புறநகர் ரயிலில் மார்க்கம் நகரத்து வீட்டுக்குத் திரும்பும்போது யூட்சனுக்குப் போன் எடுத்தாள்.

"வேலை போச்சோ?" என்றான் எடுத்த எடுப்பிலேயே.

"இல்லை. என்னை அங்கை போகட்டாம்."

"எங்கை?"

"ஏரிக்கு. வாற மே."

"ஐஸுக்கு மேலையோ நிக்கோணும்?"

"ஓம்."

"அது எவ்வளவு தடிப்பா இருக்குமாம்?"

"அதைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன். பிறகு எடுக்கிறன், வையுங்கோ."

போனில் ஏரியின் செய்மதிப் படம் மெல்ல மெல்ல விரிந்து வந்தது. ஜூலை மாதம். ஏரி ஒரு சிறு நீலப் பொட்டாக, மூடாமல், முழுத் தண்ணீராகக் கிடந்தது. ஐஸ் கட்டத் தொடங்க இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. அவள் விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். ரயில் யூனியன்வில்லில் நின்று வெளிக்கிட்டது தெரியவில்லை. இன்னும் பெரிதாக்கினாள்.